ஓட்டுபவர் படுத்துவிட்டால்: ஓய்வுக்காலத்தில் ஆர்.வி. பயணம் புறப்படுகிறவர்களுக்கு

அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெறும் தமிழ்த் தம்பதியர் பலர், உள்ளேயே சமைத்து உறங்க வசதியுள்ள மோட்டார் ஹோம் (ஆர்.வி.) ஒன்றை வாங்கிக்கொண்டு ஓராண்டுக் காலம் நாட்டைச் சுற்றி வர ஆசைப்படுவதை எங்கள் ஹூஸ்டன் நண்பர் வட்டத்திலேயே பார்க்கிறேன். நாங்கள் சென்று வந்தவர்கள் என்பதால் எங்களிடம் யோசனை கேட்கிறார்கள். பேருந்து போன்ற கிளாஸ் ஏ வாங்குவதா, வேன் முகப்போடு கட்டிய கிளாஸ் சி வாங்குவதா, கழிவுத் தொட்டியை எப்படிக் காலி செய்வது, இட்லி மாவு பொங்குமா என்றெல்லாம் கேட்கிறார்கள். ஓட்டுகிறவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வண்டியை யார் எடுப்பார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எந்த மருத்துவமனைக்குப் போவது, கையில் இருக்கும் காப்பீடு அங்கே எவ்வளவு தூரம் செல்லும் என்றும் கேட்டதில்லை. இவற்றுக்கெல்லாம் பதிலை யூட்டா மாநிலத்தின் ஒரு சிறிய ஊர் மருத்துவமனையின் தாழ்வாரத்தில் தனியாக நின்றுகொண்டு தேட வேண்டியிருந்தது என்பதால், புறப்படுவதற்கு முன்பே சிலராவது தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

என் கணவர் 65 வயதில் ஓய்வு பெற்றார். நான் 63 வயதில், 2024 வசந்த காலத்தில், வேலையை விட்டேன். 27 அடி நீளமுள்ள புதிய கிளாஸ் சி வண்டி ஒன்றை 1 லட்சத்து 24 ஆயிரம் டாலருக்கு வாங்கினோம். கடன் வேண்டாம் என்பதற்காக அவருடைய 401கே என்னும் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கிலிருந்து மொத்தப் பணத்தையும் ஒரே ஆண்டில் எடுத்தோம். அப்படி எடுக்கும் தொகை முழுவதும் அந்த ஆண்டின் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி கட்ட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால், 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் மாதக் கட்டணம் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானத்தைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது என்பதும், அதன்படி 2024இல் எடுத்த பணம் 2026இல் அவருடைய கட்டணத்தை உயர்த்தும் என்பதும் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதால் வருமானம் குறைந்தது என்று காட்டி அந்தக் கூடுதல் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஓய்வூதியக் கணக்கிலிருந்து ஒருமுறை பெருந்தொகை எடுத்ததை அப்படிக் காரணம் காட்ட முடியாது. வண்டி வாங்கும் பணத்தை இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பிரித்து எடுக்க முடியுமா என்று வரிக் கணக்காளரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் சில மாதங்கள் நாங்கள் கனவு கண்டதைவிட நன்றாகவே இருந்தன. நியூ மெக்சிகோவின் வெண்மணல் மேடுகளில் மாலை வெயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, வண்டியின் நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்து ரசம் சாதம் சாப்பிட்ட நாளை இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது. 62 வயது நிரம்பிய குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் 80 டாலருக்கு வாழ்நாள் முழுவதற்குமான தேசியப் பூங்கா அட்டை கிடைக்கிறது. அதைக் காட்டினால் வண்டியோடு தங்கும் பல அரசு முகாமிடங்களில் (கேம்ப்கிரவுண்டுகளில்) பாதிக் கட்டணம்தான். வேலைகளை எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். ஓட்டுவது, தண்ணீர் பிடிப்பது, கழிவுத் தொட்டி, மின்சார இணைப்பு, ப்ரொபேன் எரிவாயு எல்லாம் அவருடையது. சமையல், உள்ளே ஒழுங்குபடுத்துவது, வழி பார்ப்பது, மருந்துகளை எடுத்துத் தருவது என்னுடையது. நாங்கள் வழியில் சந்தித்த தம்பதியரில் பெரும்பாலோர் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கும்வரை இந்தப் பிரிவினை மிக வசதியானது என்பதால் அதில் இருக்கும் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

செப்டம்பர் இறுதியில் யூட்டாவின் கேபிடல் ரீஃப் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஃப்ரூட்டா கேம்ப்கிரவுண்டில் தங்கியிருந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய மார்மன் குடும்பங்கள் வைத்த பழத்தோட்டங்கள் இன்னும் அங்கே காய்க்கின்றன. சிவந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே மான்கள் அந்தத் தோட்டங்களில் மேய்ந்துகொண்டிருக்கும். மின் இணைப்பு கிடையாது, தண்ணீர் இணைப்பு கிடையாது, கைப்பேசிக்குச் சிக்னலும் கிடையாது என்று சொல்லிவிடலாம். அந்த அமைதிக்காகவே போயிருந்தோம். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு மேல் அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டு, வாயு பிடித்திருக்கிறது, ஓமத் தண்ணீர் கொடு என்றார். விளக்கைப் போட்டபோது அவருடைய பனியன் முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது. வெளியே அவ்வளவு குளிர். தாடையில் வலி இருக்கிறதா என்று கேட்டதற்கு, கொஞ்சம் என்றார். கைப்பேசியை எடுத்து 911 அழுத்தினேன், அழைப்பு போகவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு இருட்டில் அங்கேயே தங்கி முகாமைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் ஹோஸ்டின் வண்டியைத் தேடி ஓடினேன். அவரிடம் இருந்த ரேடியோவின் வழியாகத்தான் ஆம்புலன்ஸ் வந்தது. காத்திருந்த அந்த நேரத்தில் நான் பட்ட பயத்தை என்னால் எழுத முடியாது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டிச் சாவி மேல் அலமாரியில இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பருக்குப் பிறகு ஐஃபோன் 14 முதலான கைப்பேசிகளில் சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கும் வசதி வந்துவிட்டது. என்னிடம் இருந்தது பழைய கைப்பேசி. அவருடையது புதியது, அதில் அந்த வசதி இருந்தது. அது இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. திறந்த வெளியில் வானத்தை நோக்கிப் பிடித்து, திரையில் வரும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய வசதி அது. அதைப் பழகிப் பார்ப்பதற்கான செய்முறைப் பயிற்சியும் கைப்பேசியிலேயே இருக்கிறது. இருவரும் ஒரு முறை செய்து பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அதற்கென்றே விற்கும் செயற்கைக்கோள் கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே தங்கினாலும், இறங்கியவுடன் கேம்ப் ஹோஸ்டின் வண்டி எங்கே நிற்கிறது என்று பகலிலேயே போய்ப் பார்த்து வைப்பது இன்னும் எளிது, அதற்குச் செலவும் இல்லை.

ஆம்புலன்ஸ் ரிச்ஃபீல்டு என்னும் ஊருக்குச் சென்றது. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட மலைப் பாதை. அங்கிருந்த மருத்துவர் இதய நோய் வல்லுநர் அல்லர், ஆனால் மிக நிதானமானவர். மாரடைப்புதான், அடைப்பை நீக்கும் வசதி இங்கே இல்லை, வடக்கே பெரிய ஊரான ப்ரோவோவுக்கு ஹெலிகாப்டரில் அனுப்புகிறோம் என்றார். மாரடைப்பு வந்தவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்யும் இடத்துக்குக் கொண்டுசேர்க்க முடியாத நிலையில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்து அனுப்புவது வழக்கம் என்று விளக்கி, அதைக் கொடுத்தார். ஹெலிகாப்டரில் எனக்கு இடம் இல்லை. அது மேலே எழுந்து போன பிறகு, தோளில் ஒரு பையுடன், காரும் இல்லாமல், வாடகை வண்டி எதுவும் கிடைக்காத ஊரில் விடியற்காலையில் நின்றேன். எங்கள் ஒரே மகள் சிட்னியில் எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தாள். அவளால் விமானம் ஏற முடியாது. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் தனக்குத் தெரிந்த ஒருவரை ஏற்பாடு செய்து தந்தார். 300 டாலர் கொடுத்து ப்ரோவோ போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அவருக்கு ஸ்டென்ட் வைத்து முடித்திருந்தார்கள்.

மோட்டார் ஹோமுக்குப் பின்னால் ஒரு சிறிய காரைக் கட்டி இழுத்துக்கொண்டு செல்பவர்களைப் பார்த்து, இது என்ன வீண் சுமை என்று நாங்கள் நினைத்ததுண்டு. வீடும் வாகனமும் ஒன்றாகவே இருந்தால், ஒன்றை விட்டுப் பிரிகிற நேரத்தில் இரண்டையும் இழந்து நிற்போம் என்பதை ரிச்ஃபீல்டில் கண்டேன். காரை இழுக்க விருப்பமில்லாதவர்கள், தங்கும் இடத்துக்கு அருகில் வாடகைக் கார் கிடைக்கும் ஊர் எது என்றாவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு கேம்ப்கிரவுண்டையும் பதிவு செய்வதற்கு முன்பு, இதய ஆஞ்சியோ வசதியுள்ள மருத்துவமனை எங்கே இருக்கிறது, சாலை வழியாக எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொலைவான இடத்துக்கே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நாட்டின் மிக அழகான இடங்கள் எல்லாம் தொலைவில்தான் இருக்கின்றன. ஆனால் 67 வயதில், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் அந்தத் தொலைவைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ப்ரோவோ மருத்துவமனையில் அவர் நினைவு தெளிந்து பேசத் தொடங்கும்வரை என் கையில் இருந்தது அவருடைய மருந்துப் பட்டியல் மட்டுமே. அதை நானே எழுதி வைத்திருந்ததால் அது இருந்தது. மற்ற எல்லாமே அவருடைய கைப்பேசிக்குள் பூட்டிக் கிடந்தன. கேம்ப்கிரவுண்டு முன்பதிவுகள் அவருடைய மின்னஞ்சலில், வண்டிக் காப்பீட்டு அட்டை அவருடைய செயலியில், சாலையோர உதவிச் சந்தா அவருடைய பெயரில், வண்டியின் உரிமைப் பத்திரமும் அவருடைய பெயரில் மட்டும். நான் மனைவி என்று சொன்னாலும், அவருடைய ஒப்புதல் இல்லாமல் எதுவும் பேச முடியாது என்று தொலைபேசியில் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். அவர்களுடைய விதி அது. டெக்சஸில் மருத்துவ முடிவுகளுக்கு ஒருவரை நியமிக்கும் பத்திரமும் பண, சொத்து விவகாரங்களுக்கு நியமிக்கும் பத்திரமும் தனித்தனி. இரண்டையும் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக் கையொப்பமிட்டு, தாளாகவும் இருவர் கைப்பேசியிலும் வைத்திருக்க வேண்டும். வண்டியை வாங்கும்போதே உரிமைப் பத்திரத்தில் இருவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசியாக எடுத்த இ.சி.ஜி.யின் நகலும் இருக்கட்டும். பழையது எது, புதியது எது என்று மருத்துவர் ஒப்பிட அது உதவும் என்று ப்ரோவோவில் சொன்னார்கள்.

அவர் தேறிவருகிறார் என்று உறுதியானவுடன் வண்டியின் கவலை வந்தது. பூங்காவில் எங்கள் பதிவு முடிந்துவிட்டிருந்தது. கேம்ப் ஹோஸ்டான அந்த அம்மாள் பூங்கா ஊழியர்களிடம் பேசிச் சில நாட்கள் அவகாசம் வாங்கித் தந்திருந்தார். அக்டோபர் நெருங்கியதால் இரவில் உறைபனி விழக்கூடிய காலம். தொட்டியிலும் குழாய்களிலும் தண்ணீர் இருக்கும்போது அது உறைந்தால் குழாய்கள் வெடித்துவிடும். வண்டியை ஹூஸ்டனுக்கு ஓட்டிவர ஓட்டுநர் அமர்த்தும் நிறுவனம் ஒன்றைக் கேட்டபோது, எரிபொருள் சேர்த்து 4,000 டாலருக்கு மேல் சொன்னார்கள். அதுவும் இரண்டு வாரங்கள் கழித்து. ப்ரோவோவுக்கு வடக்கே லீஹையில் கணினித் துறையில் வேலை பார்க்கும் இளம் தமிழ்த் தம்பதி, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, தயிர்சாதத்துடன் மருத்துவமனைக்கு வந்தார்கள். "நான் கூட்டிட்டுப் போறேன் ஆன்ட்டி, ஆனா அவ்வளவு பெரிய வண்டிய எனக்கு ஓட்டத் தெரியாது" என்றார் அந்தத் தம்பி. எனக்கும் தெரியாது. டெக்சஸில் 26,000 பவுண்டு வரையிலான மோட்டார் ஹோமைச் சாதாரண ஓட்டுநர் உரிமத்திலேயே ஓட்டலாம், எங்களுடையது 14,500 பவுண்டு வரம்புக்குள் அடங்கியது, காப்பீட்டின் ஓட்டுநர் பட்டியலில் என் பெயரும் இருந்தது. ஆக, சட்டப்படி எனக்குத் தடையில்லை, பழக்கம்தான் இல்லை.

வண்டிக்குள் நுழைந்தபோது பேட்டரி இறங்கிக் கிடந்தது. குளிர்சாதனப் பெட்டி ப்ரொபேனில் ஓடினாலும் அதன் கட்டுப்பாட்டுப் பலகைக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும் என்பதால் அதுவும் நின்றுபோய், இட்லி மாவு பொங்கி வழிந்து காய்ந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே அழுதேன். அன்று என்னைத் தேற்றியவர் அந்தக் கேம்ப் ஹோஸ்ட். எழுபது வயதைக் கடந்தவர். கணவர் இறந்த பிறகு எங்களுடையதைவிடப் பெரிய வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகத் தன்னார்வப் பணி செய்பவர். முதலில் ஜெனரேட்டரைப் போட்டு பேட்டரியை ஏற்றக் கற்றுத் தந்தார். பிறகு, சமையல் தொட்டித் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும் என்பதால் மலத் தொட்டியை முதலிலும் சமையல் தொட்டியை அடுத்ததாகவும் திறக்க வேண்டும் என்று காட்டி, கையுறை போட்டு என்னையே செய்ய வைத்தார். இரண்டு காலைப் பொழுதுகள், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், வாளிகளை வரிசையாக வைத்து வண்டியைத் திருப்பப் பழக்கினார்.

அவர் சொல்லித் தந்தவற்றை, மனைவிமார்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்த வண்டிகளில் பின் அச்சுக்குப் பின்னால் நீண்ட உடல் இருக்கிறது. வலப்பக்கம் திருப்பும்போது பின்பகுதியின் இடது மூலை இடப்பக்கம் வீசிக்கொண்டு போகும். பெட்ரோல் நிலையத்தில் பம்பை ஒட்டி நின்றுவிட்டு உடனே அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் பின்மூலை பம்பின் தூணில் இடிப்பது அதனால்தான். வண்டியின் பின்மூலை பம்பைத் தாண்டும்வரை நேராகப் போய்விட்டுத்தான் திருப்ப வேண்டும். சந்திப்புகளில் முன் சக்கரத்தை நம்பாமல், கண்ணாடியில் பின் சக்கரத்தைப் பார்த்துத் திருப்ப வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்; உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, டோ ஹால் பொத்தானை அழுத்திக் குறைந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்குமாறு இறங்கி, தேவைப்படும்போது மட்டும் அழுத்தமாகப் பிரேக் போட்டு விட்டுவிட வேண்டும். வண்டியின் உயரத்தை ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண் படும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். பின்னோக்கி எடுக்கத் தேவையில்லாத, நேராக நுழைந்து நேராக வெளியேறும் இடங்களாகப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். காற்று பலமாக வீசினால் அன்று புறப்படக் கூடாது. கிளம்புவதற்கு முன் ஒருவராகவே வண்டியைச் சுற்றி வந்து படி மடங்கியதா, மின்கம்பி கழன்றதா, மேலே ஜன்னல் மூடியதா, ப்ரொபேன் அடைத்ததா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

24ஆம் எண் சாலையில் சலைனா வரை வந்து, ஸிப்பியோவில் ஐ-15 நெடுஞ்சாலையைப் பிடித்து, முன்னால் அந்தத் தம்பியின் கார் செல்ல, ஏறத்தாழ நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டு ப்ரோவோவுக்கு ஓட்டி வந்தேன். லாரிகள் என்னைக் கடக்கும்போதெல்லாம் வண்டி ஒரு கணம் அவற்றின் பக்கம் இழுபட்டது, ஒரு கணம் விலகித் தள்ளப்பட்டது. கைகள் மரத்துப்போயின. ஆனாலும் ஆர்.வி. பூங்காவில் நிறுத்தி எஞ்சினை அணைத்தபோது எனக்கு வந்த தைரியம் இன்றுவரை குறையவில்லை. இதைப் புறப்படுவதற்கு முன்பே ஒரு காலி மைதானத்தில் நிதானமாகக் கற்றிருக்க முடியும். ஆர்.வி. ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன, இருவருமே சேருங்கள். பயணத்தில் வாரத்தில் ஒரு நாளாவது, நெடுஞ்சாலையில் மட்டுமாவது, மற்றவர் ஓட்டட்டும். மற்றவர் ஒரு முறையாவது தொட்டியைக் காலி செய்யட்டும். வழக்கமாக ஓட்டுகிறவர் ஒரு முறையாவது மருந்துப் பெட்டியை அடுக்கட்டும்.

இனி நான் எழுத விரும்பிய முக்கியமான செய்திக்கு வருகிறேன். என் கணவர் 65 வயதில் அரசின் மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனம் நடத்தும், குறிப்பிட்ட மருத்துவர்களிடம் மட்டுமே போகக்கூடிய, மெடிகேர் அட்வான்டேஜ் எச்.எம்.ஓ. திட்டம் ஒன்றில் சேர்ந்திருந்தார். கூடுதல் மாதக் கட்டணம் கிடையாது, பல் வைத்தியம் உண்டு, உடற்பயிற்சிக் கூடம் உண்டு என்று சொல்லித் தந்தார்கள். வீட்டிலேயே இருப்பவருக்கு அது நல்ல திட்டமாகவே இருக்கக்கூடும். அவசர சிகிச்சை எந்த மாநிலத்திலும் கிடைக்கும் என்றார்கள், அது உண்மைதான். ஆம்புலன்ஸ், ஹெலிகாப்டர், ஸ்டென்ட் எல்லாவற்றுக்கும் திட்டம் பணம் கொடுத்தது. எங்கள் பங்கு, திட்டத்தின் ஆண்டு உச்சவரம்பான 6,700 டாலரை அந்த ஒரே வாரத்தில் தொட்டது. சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. மாரடைப்புக்குப் பின் இதயத்தை வலுப்படுத்தும் பயிற்சிச் சிகிச்சையை மெடிகேர் 36 அமர்வுகள் வரை ஏற்கிறது. ப்ரோவோவில் அவரைப் பார்த்த மருத்துவரிடமே அதைத் தொடங்க விரும்பினோம். அவசரநிலை முடிந்துவிட்டது, இனி ஹூஸ்டன் வட்டாரத்தில் உள்ள எங்கள் மருத்துவர்களிடம்தான் வர வேண்டும் என்று திட்டத்தினர் கூறிவிட்டார்கள். இதய மருத்துவரைச் சொந்தச் செலவில் பார்த்த வகையில் மட்டும் 900 டாலர் போனது. இத்தகைய திட்டங்களில் சேவைப் பகுதிக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதங்களுக்கு மேல் இருந்தால், பயணிகளுக்கான தனி ஏற்பாடு உள்ள சில திட்டங்களைத் தவிர, உறுப்பினரை நீக்கியே விடுவார்கள் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். ஓராண்டுப் பயணத்துக்கு அந்தத் திட்டம் தொடக்கத்திலிருந்தே பொருந்தவில்லை. அதை எங்களுக்கு விற்றவரும் சொல்லவில்லை, வண்டியை விற்றவரும் சொல்லவில்லை.

அரசின் பழைய மெடிகேர் திட்டத்தில் இருப்பவர், மெடிகேரை ஏற்கும் எந்த மாநிலத்து மருத்துவரிடமும் போகலாம். அதில் நோயாளியின் பங்காக வரும் 20 சதவீதத்தை ஈடுகட்டத்தான் மெடிகேப் என்னும் துணைக் காப்பீடு இருக்கிறது. அப்படியானால் மாறிக்கொள்ளலாமே என்று தோன்றும். பழைய மெடிகேருக்குத் திரும்ப ஆண்டுதோறும் வாய்ப்பு உண்டு, மெடிகேப் அப்படியில்லை. 65 வயது நிரம்பி, மெடிகேரில் மருத்துவர் செலவுகளுக்கான பகுதியாகிய பார்ட் பி தொடங்கிய மாதத்திலிருந்து ஆறு மாதங்கள் மட்டுமே உடல்நிலையைக் கேட்காமல் அதைக் கொடுத்தாக வேண்டும். முதல்முறையாக 65 வயதில் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்ந்தவருக்கு, பன்னிரண்டு மாதங்களுக்குள் மனம் மாறித் திரும்பும் உரிமையும் உண்டு. இந்த இரண்டு வாயில்களும் மூடிய பிறகு, நியூ யார்க் போன்ற ஒரு சில மாநிலங்கள் நீங்கலாக, நிறுவனங்கள் பொதுவாக உடல்நிலையைக் கேட்டு மறுக்கலாம். என் கணவருக்கு 67 வயது, புதிதாக ஸ்டென்ட். விண்ணப்பித்த இரண்டு நிறுவனங்களும் மறுத்துவிட்டன. வண்டி வாங்குவது பற்றி யோசிப்பதற்கு முன்பு, 64ஆம் வயதிலேயே, இதைப் பற்றி உட்கார்ந்து பேசுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். 65க்குக் குறைவான மனைவியோ கணவரோ இருந்தால் அவருடைய திட்டத்தையும் பாருங்கள். நான் வாங்கியிருந்த திட்டமும் டெக்சஸ் மருத்துவர்களோடு நின்றுவிடும் எச்.எம்.ஓ.தான்.

எனவே ஹூஸ்டன் திரும்பினோம், நான்தான் ஓட்டினேன். வழிகாட்டிச் செயலி கொலராடோவின் 550ஆம் எண் மலைச் சாலையைக் காட்டியது. யூரேக்கும் சில்வர்டனுக்கும் நடுவே பல இடங்களில் தடுப்பே இல்லாத சாலை அது என்று அந்தக் கேம்ப் ஹோஸ்ட் முன்பே எச்சரித்திருந்ததால், மோவாப், ஃபார்மிங்டன், ஆல்புகெர்க்கி, அமரில்லோ, டாலஸ் என்று சுற்றி வந்தோம். நாளொன்றுக்கு 200 மைலை ஒட்டி, கூடுமானவரை இரவு தங்கும் ஊரில் பெரிய மருத்துவமனை இருக்குமாறு பார்த்துக்கொண்டேன். அவர் பக்கத்து இருக்கையில் வழி பார்த்து வந்தார். வண்டியை நிறுத்தி வைக்க மாத வாடகை கொடுத்துப் பார்த்து, மறு ஆண்டில் ஒரு விற்பனையாளரிடம் கமிஷன் முறையில் விட்டோம். 81,000 டாலருக்குப் போனது. இந்த வண்டிகள் முதல் ஆண்டுகளில்தான் மிக வேகமாக மதிப்பிழக்கின்றன. புதிதாக வாங்க வேண்டும் என்றில்லை. முதலில் மூன்று வாரங்கள் வாடகைக்கு எடுத்து, அதில் பாதித் தூரத்தை மற்றவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு சில ஆண்டுகள் பழைய வண்டி ஒன்றைத் தனியார் ஆய்வாளரைக் கொண்டு சோதித்து வாங்கியிருந்தால், இழந்த 43,000 டாலரில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

முழுநேரமாக வண்டியிலேயே வாழ்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஹூஸ்டனுக்கு வடக்கே லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்னும் ஆர்.வி. சங்கத்தின் தலைமையிடத்தை ஒட்டி, நோயாலோ முதுமையாலோ பயணத்தைத் தொடர முடியாதவர்கள் தங்கள் வண்டியிலேயே தங்கியபடி உணவும் பகல்நேரப் பராமரிப்பும் பெறுவதற்கான இல்லம் ஒன்று இயங்குகிறது. வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புபவர்கள் இதைப் போன்ற இடங்களைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து வைக்கலாம். எனக்கு இந்த ஆண்டு 65 வயது நிரம்புகிறது. பழைய மெடிகேரும் மெடிகேப் ஜி திட்டமும், மருந்துக்குத் தனியாகப் பார்ட் டி திட்டமும் எடுக்க விண்ணப்பங்களை நிரப்பி வைத்திருக்கிறேன். மாதக் கட்டணம் அவருடையதைவிடக் கணிசமாகக் கூடும் என்று தெரிந்தே எடுக்கிறேன். உங்களில் யாருக்காவது அந்த ஆறு மாத வாயில் இன்னும் திறந்திருந்தால், பார்ட் பி தொடங்கிய தேதியை உங்கள் சிவப்பு, வெள்ளை, நீல மெடிகேர் அட்டையில் பார்த்து, கடைசி நாளை இன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.